மருந்துப் பயன்பாட்டில் ஒரு தலையீடு பலித்ததா? குறுக்கீட்டுக் காலத்தொடர் ஆய்வில் வரும் கோளாறுகள், அறிகுறி வாரியாக

மருந்துப் பயன்பாட்டைக் குறைக்கவோ சீர்செய்யவோ ஒரு விதி வருகிறது. வருவதற்கு முன்னும் பின்னும் மாதவாரி எண்கள் நம்மிடம் இருக்கின்றன. விதி வேலை செய்ததா என்று சொல்ல வேண்டும். ஒரு மாநிலம் முழுவதும் ஒரே நாளில் விதி மாறும்போது ஆட்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டு குழுவாகப் பிரிக்க வழியில்லை. அந்த இடத்தில் கைகொடுப்பது குறுக்கீட்டுக் காலத்தொடர் ஆய்வு. அதை நடத்தப் பெரும்பாலும் பயன்படுவது பகுதிவாரி ரிக்ரெஷன், அதாவது விதிக்கு முன்னும் பின்னும் தனித்தனிக் கோடு பொருத்தும் முறை.

சூத்திரம் எளிது:

அளவு = தொடக்க மட்டம் + பழைய சாய்வு × நேரம் + மட்ட மாற்றம் × பிறகு + சாய்வு மாற்றம் × பிறகான நேரம் + எச்சம்

"நேரம்" என்பது 1, 2, 3 என்று ஓடும் மாத எண். "பிறகு" என்பது விதிக்கு முன் 0, விதி வந்தபின் 1. "பிறகான நேரம்" விதிக்கு முன் 0, வந்தபின் 1, 2, 3 என்று ஏறும். மட்ட மாற்றம் விதி வந்தவுடன் நிகழ்ந்த குதிப்பைச் சொல்கிறது. சாய்வு மாற்றம் அதற்குப் பிறகு போக்கு எப்படித் திரும்பியது என்பதைச் சொல்கிறது. இரண்டும் பழைய கோடு அப்படியே நீண்டிருந்தால் எங்கே இருந்திருக்கும் என்பதோடு ஒப்பிட்டுத்தான் பொருள் தரும். கோடு விளக்காமல் விட்ட மிச்சம்தான் எச்சம். மட்ட மாற்றம், சாய்வு மாற்றம் போல மென்பொருள் கணித்துத் தரும் எண்களைக் கெழு என்றும், இந்தச் சூத்திரத்தை மாதிரி என்றும் சொல்கிறேன்.

தவறாக ஓட்டினாலும் மென்பொருள் ஓர் அழகான அட்டவணையைக் கொடுத்துவிடும் என்பதுதான் இந்த முறையின் ஆபத்து. கோளாறுகளில் பெரும்பகுதி பதிவேட்டிலும் நாட்காட்டியிலும் தொடங்குகிறது என்பது என் உறுதியான கருத்து. ஆகவே எந்த அறிகுறியானாலும் முதலில் அந்த எண் எப்படிப் பிறந்தது, யார் பதிந்தார்கள், எந்தத் தேதியில் பதிந்தார்கள் என்று பார்க்கச் சொல்வேன். மாதிரியைத் திருத்துவது அதற்குப் பிறகு.

உதாரணத்துக்கு இந்தத் துறையில் அதிகம் அலசப்பட்ட நிகழ்வையே எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஏழைகளுக்கான மெடிகெய்ட் காப்பீடு, 1981இல் ஒருவருக்கு மாதம் மூன்று மருந்துச்சீட்டுகளுக்கு மேல் பணம் தராது என்று வரம்பு விதித்தது. 11 மாதங்களில் அந்த வரம்பை நீக்கிவிட்டு, சீட்டுக்கு ஒரு டாலர் நோயாளியே கட்ட வேண்டும் என்று மாற்றியது. ஆய்வாளர் ஸ்டீபன் சூமராயும் அவருடன் பணியாற்றியவர்களும் இதை 1987, 1991, 1994 ஆகிய ஆண்டுகளில் மூன்று ஆய்வுகளாக வெளியிட்டார்கள். பல மருந்துகள் எடுத்துவந்தவர்களிடம் சீட்டுகளின் எண்ணிக்கை 46 சதவீதம் விழுந்தது. படத்தைப் பார்த்தாலே பள்ளம் தெரியும். நம் கைக்கு வரும் தொடர்களில் பள்ளம் இவ்வளவு தெளிவாக இருப்பதில்லை. சிக்கல்கள் அங்கேதான் வருகின்றன.

"முன்-பின் சராசரி பெரிய வீழ்ச்சி காட்டுகிறது, மாதிரி ஒன்றுமில்லை என்கிறது"

மாதிரியை நம்புங்கள், ஆனால் ஏன் என்று புரிந்துகொண்டு நம்புங்கள். ஒரு கற்பனைக் கணக்கு: ஆயிரம் பேருக்கு 100 சீட்டுகளில் தொடங்கிய பயன்பாடு மாதம் 0.5 வீதம் தானாகவே குறைந்துகொண்டிருக்கிறது. 24 மாதம் கழித்து ஒரு விதி வருகிறது. அது எதையுமே மாற்றவில்லை. முதல் 24 மாதச் சராசரி 93.75. அடுத்த 24 மாதச் சராசரி 81.75. ஒன்றுமே செய்யாத விதிக்கு 12 சீட்டுகள் குறைத்த பெருமை போய்ச் சேர்கிறது.

இதற்கு நேர் எதிரும் நடக்கும். ஏறிக்கொண்டிருந்த பயன்பாட்டை விதி தடுத்து நிறுத்தியிருக்கும்; முன்-பின் சராசரி ஏறக்குறைய சமமாகத் தெரியும்; "பலனில்லை" என்று கோப்பை மூடிவிடுவார்கள். எனக்கு இரண்டாவது தவறுதான் கூடுதல் வருத்தம் தருகிறது. நல்ல வேலை ஒன்று அங்கே அடையாளம் தெரியாமல் போய்விடுகிறது.

செய்ய வேண்டியது: படத்தை வரையுங்கள். பழைய கோட்டைப் புள்ளிக்கோடாக விதிக்குப் பிந்தைய காலத்துக்குள் நீட்டுங்கள். முடிவைச் சொல்லும்போது அந்தப் புள்ளிக்கோட்டுக்கும் உண்மையான கோட்டுக்கும் உள்ள தூரத்தைச் சொல்லுங்கள்.

"மட்ட மாற்றம் நம்பமுடியாத அளவுக்குப் பெரிதாக, சில நேரம் தலைகீழ்க் குறியோடு வருகிறது"

பத்தில் ஒன்பது முறை இது மாறியை அமைத்த விதத்தில் வந்த பிழை. "பிறகான நேரம்" என்ற மாறிக்குப் பதிலாக "நேரம் × பிறகு" என்று நேரடியாகப் பெருக்கிச் சேர்த்திருப்பீர்கள். அப்போது "பிறகு" என்பதன் கெழு விதி வந்த மாதத்தில் உள்ள குதிப்பைத் தராது. இரண்டு கோடுகளையும் நேரம் 0 வரை பின்னோக்கி நீட்டினால் அங்கே இருக்கும் இடைவெளியைத் தரும்.

எண்ணில் பாருங்கள். பழைய கோடு தட்டையானது. 24ஆம் மாதத்துக்குப் பின் உண்மையான குதிப்பு –6. அதன்பின் சாய்வு மாதத்துக்கு +1. இரண்டாவது பகுதியை –6 + (நேரம் – 24) என்று எழுதினால் குதிப்பு –6. அதையே விரித்து எழுதினால் –30 + நேரம். தவறாக அமைத்த மாதிரி அட்டவணையில் –30 என்று காட்டும். கோடுகள் இரண்டிலும் ஒன்றே, கணிப்புகளும் ஒன்றே. கெழுவின் பொருள் மட்டும் மாறிவிட்டது. அதனால் பொருத்தத்தைச் சோதித்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

கூடவே ஒரு சிறு விஷயம். "பிறகான நேரம்" 1இல் தொடங்கினால் மட்ட மாற்றம் விதிக்கு முந்தைய கடைசி மாதத்தின் இடத்தில் அளக்கப்படுகிறது. 0இல் தொடங்கினால் விதியின் முதல் மாதத்தில். வேறுபாடு ஒரு சாய்வு மாற்றத்தின் அளவுதான். ஆனால் மற்றவர் முடிவோடு ஒப்பிடும்போது இது இடறும். எதில் தொடங்கினீர்கள் என்று எழுதிவிடுங்கள்.

"எல்லாக் கெழுக்களுக்கும் பி மதிப்பு 0.001க்குக் கீழே, நம்பிக்கை இடைவெளி சந்தேகப்படும்படி குறுகல்"

மாற்றம் தற்செயல் அல்ல என்று மென்பொருள் அளவுக்கு மீறிய உறுதியோடு சொல்கிறது என்று பொருள். இந்த மாத எச்சம் போன மாத எச்சத்தைப் போலவே இருக்கிறதா என்று பாருங்கள். கோட்டுக்கு மேலே ஐந்தாறு புள்ளிகள் தொடர்ந்து, பிறகு கீழே ஐந்தாறு தொடர்ந்து என்று வந்தால் அது தன்னொட்டுறவு. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் அதே ஆட்கள் அதே மருந்தை மாதாமாதம் வாங்குகிறார்கள். ஒரு மாதத்தின் எண் அடுத்த மாதத்தை அறியாமல் இருக்காது. சாதாரண ரிக்ரெஷன் ஒவ்வொரு மாதத்தையும் புதிய சாட்சியாக எண்ணிக்கொண்டு திட்டப்பிழையை (கணிப்பு எவ்வளவு தடுமாறலாம் என்ற அளவை) குறைத்துக் காட்டுகிறது. கெழு பெரும்பாலும் சரியாகவே இருக்கும்; அதைப் பற்றிய நம் உறுதிதான் பொய்.

இதை அளக்கும் டர்பின்-வாட்சன் சோதனையின் மதிப்பு 2க்கு அருகில் இருந்தால் நல்லது. 0 பக்கம் சாய்ந்தால் நேர்த் தன்னொட்டுறவு, 4 பக்கம் சாய்ந்தால் எதிர்த் தன்னொட்டுறவு. அதை மட்டும் நம்பி நிறுத்தாதீர்கள். அது அடுத்தடுத்த மாதங்களை மட்டுமே பார்க்கிறது; 12 மாதத்துக்கு ஒருமுறை திரும்பும் உறவு அதன் கண்ணில் படாது. எச்சங்களின் தன்னொட்டுறவுப் படத்தை 12, முடிந்தால் 24 மாத இடைவெளி வரை வரையுங்கள். பிரைஷ்-காட்ஃபிரே சோதனையும் உதவும்.

சரிசெய்ய மூன்று நான்கு வழிகள் உண்டு: நியூவி-வெஸ்ட் திட்டப்பிழை, பிரைஸ்-வின்ஸ்டன், எச்சத்தில் தன்னொட்டுறவை வைத்த பொதுமைப்படுத்திய மீச்சிறு வர்க்கம், அரிமா. ஆர், ஸ்டாட்டா, சாஸ் ஆகிய மூன்று புள்ளியியல் மென்பொருள்களிலும் இவை கிடைக்கின்றன. என் தேர்வைச் சொல்கிறேன்: 40, 50 மாதத் தொடர் என்றால் ஆர்இஎம்எல் (கட்டுப்படுத்திய மீப்பெரு சாத்தியக்கூறு) முறையில் கணித்த பொதுமைப்படுத்திய மீச்சிறு வர்க்கம். நியூவி-வெஸ்ட் வசதியானது, ஆனால் புள்ளிகள் குறைவாக இருக்கும்போது அதுவும் இடைவெளியைக் குறுக்கியே காட்டும். அந்த வசதிக்காக அதைப் பிடித்துக்கொண்டிருப்பது எனக்கு உடன்பாடில்லை.

எதிர்த் தன்னொட்டுறவு வந்தால் மாதிரியைத் தொடாதீர்கள், கிடங்குக்குப் போங்கள். ஒரு மாதம் அதிகம், அடுத்த மாதம் குறைவு என்று மாறி மாறி வருவது, வார்டுகள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இண்டென்ட் (கிடங்கிடம் மருந்து கேட்கும் பட்டியல்) போடுவதால் இருக்கலாம். நீங்கள் அளப்பது நோயாளி சாப்பிட்ட மருந்தை அல்ல, ஸ்டோரை விட்டு வெளியேறிய மருந்தை. இரண்டு மாதத்தை ஒன்றாகக் கூட்டுவதா, வழங்கிய தேதியுள்ள வேறு பதிவேட்டைத் தேடுவதா என்ற முடிவை அங்கேதான் எடுக்க முடியும்.

"ஒவ்வோர் ஆண்டும் அதே மாதத்தில் ஏற்றம், அதே மாதத்தில் இறக்கம்"

பருவகால மாறுபாடு. ஆன்டிபயாட்டிக் தொடர்களில் இது இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியப்பட வேண்டும். குளிர் நாடுகளில் குளிர்காலத்தில் ஏறும். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை மாதங்களின் காய்ச்சல் காலத்தை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆபத்து எங்கே என்றால், விதி அக்டோபரில் வந்து, பிந்தைய தரவு மார்ச்சோடு நின்றுவிடும்போது. காய்ச்சல் காலத்தை மட்டும் பார்த்துவிட்டு விதியே பயன்பாட்டைக் கூட்டிவிட்டது என்று எழுதிவிடுவோம். விதிக்கு முன் குறைந்தது 12 மாதம், பின் குறைந்தது 12 மாதம் வேண்டும் என்பது இதனால்தான். 24 இருந்தால் மூச்சுவிடலாம். பருவத்தை மாதிரிக்குள் கொண்டுவரும்போது 11 மாதக் குறிமாறிகளை (அந்த மாதமானால் 1, இல்லையென்றால் 0) சேர்ப்பது 48 புள்ளிகளுக்குக் கனம் அதிகம். ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்கும் அலையைத் தரும் ஒரு சைன்-கொசைன் ஜோடி, தேவைப்பட்டால் இரண்டு, பெரும்பாலும் போதும்.

இன்னொன்று பருவமே அல்ல, பருவம்போல வேடமிடுவது. பிப்ரவரிக்கு 28 நாள், ஜனவரிக்கு 31. யாரும் எதையும் மாற்றாமலேயே பிப்ரவரி ஏறத்தாழ 10 சதவீதம் குறைந்து தெரியும். மாத மொத்தத்தை நாட்களின் எண்ணிக்கையால் வகுத்துவிட்டால் தீர்ந்தது.

"விதி வருவதற்கு முன்பே மாற்றம் தொடங்கிவிட்டது"

இந்த அறிகுறியில்தான் நான் அதிக நேரம் நிற்பேன், ஏனென்றால் இதை மாதிரியால் தீர்க்கவே முடியாது. விதியின் வரலாறு தெரிந்தால்தான் தீரும்.

ஒரு விதிக்குப் பல தேதிகள் உண்டு: பேச்சு எழுந்த நாள், அறிவித்த நாள், அரசிதழில் வந்த நாள், நடைமுறைக்கு வந்த நாள், ஆய்வாளர்கள் கடைகளுக்கு உண்மையில் போகத் தொடங்கிய நாள். இந்தியாவின் எச்1 அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம், நான்காம் தலைமுறை செஃபலோஸ்போரின்கள், கார்பபெனெம்கள் ஆகிய ஆன்டிபயாட்டிக்குகள், காசநோய் மருந்துகள் உட்பட 46 மருந்துகளை விற்கும்போது, மருத்துவர் பெயரும் நோயாளி பெயரும் மருந்தின் அளவும் தனிப் பதிவேட்டில் எழுதி, மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்ற விதி. அரசிதழ் அறிவிப்பு 2013 ஆகஸ்ட் 30. நடைமுறை 2014 மார்ச் 1. இடையில் ஆறு மாதங்கள். கையிருப்பைக் கடைக்காரர் கரைத்தாரா, ஏற்றினாரா, மருத்துவர்கள் அப்போதே வேறு மருந்துக்கு மாறினார்களா என்று தெரியாமல், மார்ச் 1இல் கோட்டை முறித்தால் அந்த ஆறு மாதமும் "பழைய போக்கு" என்ற பெயரில் மாதிரிக்குள் நுழைந்துவிடும். பழைய சாய்வு கெட்டுப்போனால் அதை நீட்டி வரையும் புள்ளிக்கோடும் கெடும். ஆய்வு முழுவதும் அந்தக் கோட்டின் மேல்தான் நிற்கிறது.

பிரிட்டனில் கோ-பிராக்சமால் என்ற வலிநிவாரணி 2005 ஜனவரியில் விலக்கிக்கொள்ளப்படும் என்று அறிவிக்கப்பட்டது. முழு விலகல் 2007 இறுதியில். மருத்துவர்கள் 2007 வரை காத்திருக்கவில்லை. அறிவித்த கையோடு சீட்டுகள் செங்குத்தாகச் சரிந்தன. அங்கே உண்மையான குறுக்கீடு 2005தான். 2007இன் கடைசியில் கோட்டை முறித்திருந்தால் "விலக்கியதால் பெரிய மாற்றமில்லை" என்ற அபத்தமான விடை வந்திருக்கும்.

சில விதிகளுக்கு ஒற்றைத் தேதியே கிடையாது. 2016 மார்ச்சில் இந்திய அரசு 344 கூட்டு மருந்துகளை (ஒன்றுக்கு மேற்பட்ட மருந்தை ஒன்றாகச் சேர்த்தவை) தடை செய்தது; நிறுவனங்கள் நீதிமன்றம் போயின; அந்த ஆண்டு டிசம்பரில் டெல்லி உயர்நீதிமன்றம் தடையை ரத்து செய்தது; வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2018 செப்டம்பரில் 328 மருந்துகளுக்கு மீண்டும் தடை வந்தது. இதை ஒரே குறுக்கீடாக வைத்து மாதிரி ஓட்டுபவரிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது: 2017இல் கடைக்காரர் எதைக் கடைப்பிடித்தார் என்று நினைக்கிறீர்கள்?

வழிமுறை இதுதான். தரவைத் திறப்பதற்கு முன்பே தேதிகளைத் தாளில் எழுதுங்கள். அறிவிப்புக்கும் நடைமுறைக்கும் இடைப்பட்ட மாதங்களை இடைமாற்றக் காலமாக வைத்து மாதிரியிலிருந்து விலக்குங்கள், அல்லது அதற்கென்று தனிப் பகுதி கொடுங்கள். விதிக்குச் சற்று முன் ஓர் ஏற்றமும் உடனே பின் ஓர் இறக்கமும் ஜோடியாகத் தெரிந்தால், அது சேமித்து வைத்ததன் தடம். ஏற்றத்தை முன்பகுதியில் விட்டுவைத்தால் விதியின் பலன் பெருத்துத் தெரியும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: எந்த மாதத்தில் முறித்தால் பி மதிப்பு குறைகிறது என்று தேடிப் பார்த்து அந்த மாதத்தை விதியின் தேதியாக அறிவிப்பது. அப்படித் தேடினால் எந்தத் தொடரிலும் ஏதோ ஒரு தேதி கிடைக்கும்.

"ஒரே மாதத்தில் பயன்பாடு மூன்றில் ஒரு பங்கு விழுந்துவிட்டது, ஆனால் களத்தில் யாருக்கும் தெரியவில்லை"

அளவுகோல் மாறியதா என்று பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் வகுத்த தினசரி அளவு (ஒரு பெரியவருக்கு ஒரு நாளைக்கான வழக்கமான சராசரி அளவு) என்ற அலகில்தான் மருந்துப் பயன்பாட்டை நாடுகளிடையே ஒப்பிடுகிறோம். 2019இல் வாய்வழி அமாக்சிசிலினின் தினசரி அளவு 1 கிராமிலிருந்து 1.5 கிராமாக மாற்றப்பட்டது. அதே கிலோகிராம் மாத்திரை. அலகுகளின் எண்ணிக்கை மட்டும் 33 சதவீதம் குறைவு. 2018 வரை பழைய அளவிலும் அதன்பின் புதிய அளவிலும் கணக்கிட்ட தொடரில் யாரும் தொடங்காத ஒரு வெற்றிகரமான இயக்கம் தெரியும். தொடர் முழுவதையும் ஒரே ஆண்டின் அட்டவணையை வைத்து மறுபடி கணக்கிடுங்கள்.

இதே குடும்பத்தைச் சேர்ந்தது சீட்டுகளை எண்ணுவது. மாதம் மூன்று சீட்டுதான் என்று வரம்பு வந்தால் மருத்துவர் ஒரே சீட்டில் கூடுதல் நாளுக்கு எழுதத் தொடங்கலாம். 30 நாள் சீட்டு 60 நாளாக மாறினால் சீட்டுகளின் எண்ணிக்கை பாதியாகும், மாத்திரை ஒன்றுகூடக் குறையாது. சீட்டு, மாத்திரை, தினசரி அளவு, செலவு என்று முடிந்தவரை இரண்டு அளவுகளிலாவது தொடரை வரையுங்கள். அவை ஒரே திசையில் போகவில்லை என்றால் அதுவே உங்கள் கண்டுபிடிப்பு.

வகுக்கும் எண்ணையும் சோதியுங்கள். ஆயிரம் பேருக்கு என்று சொல்லும்போது அந்த ஆயிரம் பேர் யார்? காப்பீட்டுத் திட்டத்தில் புதிதாக ஆரோக்கியமான இளைஞர்கள் சேர்ந்தால் ஒருவருக்கான பயன்பாடு தானே குறையும். நியூ ஹாம்ப்ஷயர் ஆய்வாளர்கள் ஆய்வுக் காலம் முழுவதும் தொடர்ந்து திட்டத்தில் இருந்தவர்களை எடுத்துக்கொண்டது இதைத் தவிர்க்கத்தான். பதிவு மென்பொருள் மாறிய மாதம், நிறுவனக் குறியீடு மாறிய மாதம், மருந்து இருப்பே இல்லாத மாதம் மூன்றையும் படத்தில் குறித்துவையுங்கள். மருந்து இருப்பில் இல்லாத மாதத்தின் சுழியமும் யாருக்கும் தேவைப்படாத மாதத்தின் சுழியமும் எக்ஸெலில் ஒரே மாதிரிதான் இருக்கும்.

"கணிப்புக் கோடு சுழியத்துக்குக் கீழே போகிறது, அல்லது 100 சதவீதத்தைத் தாண்டுகிறது"

நேர்க்கோடு பொருந்தாத இடம். எண்ணிக்கை என்றால் மக்கள்தொகையை ஆஃப்செட்டாக (கெழு கணிக்காமல், வகுக்கும் எண்ணாக) வைத்து பாய்சான் மாதிரி. சிதறல் அதிகமாக இருந்தால் எதிர்ம ஈருறுப்பு மாதிரி. விகிதம் என்றால் லாஜிஸ்டிக். அப்போது கெழுக்கள் சதவீத மாற்றமாகவோ வாய்ப்பு விகிதமாகவோ வரும். அதை மனத்தில் வைத்துப் படியுங்கள். ஏற்கெனவே 95 சதவீதத்தில் இருக்கும் ஒன்றை உயர்த்த முயன்ற தலையீட்டைச் சாய்வை வைத்து மதிப்பிடாதீர்கள். ஏற இடமே இல்லை.

"ஒப்பீட்டுத் தொடரும் கூடவே விழுகிறது"

ஒப்பீட்டுத் தொடர் என்பது விதி தொடாத இடத்தின் அல்லது மருந்தின் எண்கள். அதுவும் விழுந்தால், விதி வந்த அதே நேரத்தில் வேறொன்றும் நடந்திருக்கிறது: விலை மாற்றம், செய்தி அலை, தட்டுப்பாடு, 2020 மார்ச்சுக்குப் பின் என்றால் பெருந்தொற்று. ஒற்றைத் தொடரால் இதைப் பிரித்துச் சொல்லவே முடியாது. ஒப்பீட்டுத் தொடர் வைத்ததன் பயனே இப்போதுதான் தெரிகிறது. அதை மறைத்துவிட்டு ஒற்றைத் தொடரின் முடிவை வெளியிடுவது நேர்மையாகாது. இரண்டு தொடர்களின் வித்தியாசத்தை மாதிரியாக்குங்கள்.

நல்ல ஒப்பீடு எது? விதி தொடாத, ஆனால் மற்ற எல்லாம் தொடும் ஒன்று. நியூ ஹாம்ப்ஷயருக்கு நியூ ஜெர்சி ஒப்பீடாக நின்றது. அங்கே வரம்பு இல்லை, பயன்பாட்டில் அந்தப் பள்ளமும் இல்லை. பிரிட்டனில் 1998 செப்டம்பரில் பாரசிட்டமால் பொட்டலங்கள் மருந்தகங்களில் 32 மாத்திரை, மற்ற கடைகளில் 16 மாத்திரை என்று சுருக்கப்பட்டன. அதற்குப் பின் இங்கிலாந்து, வேல்ஸில் பாரசிட்டமால் நச்சு மரணங்கள் காலாண்டுக்குச் சராசரியாக 17 வீதம் குறைந்ததாக 2013இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. தற்கொலைகளே பொதுவாகக் குறைந்துவந்ததால் வந்த தோற்றமா இது என்ற கேள்வி உடனே எழும். ஆய்வாளர்கள் வேறு நச்சுகளால் நேர்ந்த மரணங்களையும் மொத்தத் தற்கொலைகளையும் கணக்கில் எடுத்துப் பார்த்தார்கள். முடிவு பெரிதாக அசையவில்லை. அதனால்தான் அந்த எண்ணுக்கு எடை இருக்கிறது.

கெட்ட ஒப்பீடு எது என்றால், தடுத்த மருந்துக்கு மாற்றாக மருத்துவர்கள் எழுதத் தொடங்கும் மருந்து. ஒன்றைத் தடுத்தால் மற்றொன்று ஏறும். அதை ஒப்பீடாக வைத்தால் விதியின் பலன் இரட்டிப்பாகத் தெரியும். அதைத் தனி விளைவுத் தொடராகப் பாருங்கள்.

"மட்ட மாற்றமும் சாய்வு மாற்றமும் இரண்டுமே புள்ளியியல்படி முக்கியமில்லை என்கிறது மென்பொருள், கண்ணுக்கோ மாற்றம் தெளிவாகத் தெரிகிறது"

இரண்டு கெழுக்களும் ஒரே தகவலைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. தனித்தனியே சோதித்தால் இரண்டும் மங்கும். குறிப்பிட்ட மாதத்தில் நீட்டிய பழைய கோட்டிலிருந்து எவ்வளவு விலகல் என்று கேளுங்கள். மட்ட மாற்றம் –6, சாய்வு மாற்றம் +0.25 என்றால், 12ஆம் மாதத்தில் விலகல் –6 + 12 × 0.25 = –3. அதன் திட்டப்பிழைக்கு இரண்டு கெழுக்களின் மாறுபாட்டோடு அவற்றின் கூட்டு மாறுபாடும் (இரண்டும் சேர்ந்து மாறும் அளவும்) வேண்டும். அது பெரும்பாலும் எதிர்க்குறியோடு வந்து இடைவெளியைக் குறுக்கும். 12, 24 போன்ற மாதங்களை முன்கூட்டியே தேர்ந்தெடுத்து அறிவியுங்கள். முக்கியமில்லாத கெழுவை மாதிரியிலிருந்து நீக்கிவிட்டு மற்றதை மட்டும் வைத்துக்கொள்ளும் வழக்கம் பரவலாக இருக்கிறது. எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. எந்தக் கெழு தங்கும் என்பதைத் தரவின் தற்செயல் தீர்மானித்துவிடுகிறது.

நியூ ஹாம்ப்ஷயர்போல இரண்டு விதிகள் அடுத்தடுத்து வந்தால் மூன்று பகுதிகள் வேண்டும். வரம்பு நீங்கிக் கட்டணம் வந்ததும் பயன்பாடு பெரும்பாலும் பழைய இடத்துக்கே ஏறியது. வரம்பை வைத்தபோது விழுந்து எடுத்தபோது எழுந்ததால், வேறு காரணம் சொல்வது கடினமாகிறது. இந்த இரண்டாவது திருப்பத்தை மாதிரிக்குள் கொண்டுவராமல் விட்டால் 11 மாதப் பள்ளமும் அதன்பின் மேடும் சேர்ந்து அர்த்தமற்ற ஒரு சாய்வாகத் தேய்ந்துவிடும்.

"மாதிரி சுத்தம், எச்சங்கள் சுத்தம், பயன்பாடு குறைந்தது உறுதி. முடிவுரை எழுத வேண்டியதுதானா?"

இன்னும் இல்லை. குறைந்தது யாருடைய மருந்து? நியூ ஹாம்ப்ஷயரில் முதல் பார்வைக்கு அரசின் மருந்துச் செலவு இறங்கியது. 1991 ஆய்வு, மருந்தை நம்பி வாழ்ந்த முதியவர்கள் வரம்புக் காலத்தில் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் சேரும் அபாயம் நியூ ஜெர்சி முதியவர்களோடு ஒப்பிட 1.8 மடங்காக இருந்ததைக் காட்டியது. 1994 ஆய்வு மனச்சிதைவு நோயாளிகளைப் பார்த்தது. மருந்து குறைந்தது, அவசர மனநலச் சேவைகள் ஏறின. அந்தச் சேவைகளுக்குக் கூடுதலாக ஆன செலவு, மருந்தில் மிச்சம் பிடித்த தொகையைப்போல 17 மடங்கு. மருந்துத் தொடரை மட்டும் வரைந்திருந்தால் இது ஒரு சிக்கனத் திட்டத்தின் வெற்றியாகவே பதிவாகியிருக்கும். அந்த நோயாளிகள் பட்ட பாடு எந்த அட்டவணையிலும் வந்திருக்காது.

ஆகவே விளைவுத் தொடர் ஒன்றையாவது கூடவே வையுங்கள்: மருத்துவமனைச் சேர்க்கை, அவசரப் பிரிவு வருகை, மாற்று மருந்து. தேவையான மருந்தையும் தேவையற்றதையும் ஒரே தொடரில் கொட்டாதீர்கள். இன்சுலினையும் சளி மருந்தையும் கூட்டி வரும் மொத்தத்தால் எந்த முடிவும் எடுக்க முடியாது.

"விதிக்கு முன் ஐந்தாறு புள்ளிகள்தான் இருக்கின்றன"

சாய்வைக் கணிக்க இது போதாது. மென்பொருள் கணித்துத் தரும், ஆனால் ஒரு புள்ளியை எடுத்துவிட்டு ஓட்டினால் விடை தலைகீழாகும், ஓட்டிப் பாருங்கள். மாதத்தை வாரமாக உடைத்துப் புள்ளிகளைப் பெருக்கலாம்; இரைச்சலும் சேர்ந்தே பெருகும், காலத்தின் நீளமோ அதேதான். ஆறு மாதம் 26 வாரமானாலும் அதற்குள் ஒரு முழு ஆண்டின் பருவம் இல்லை.

முதலில் பழைய தரவைத் தேடுங்கள். கணினிக்கு முந்தைய ஸ்டாக் ரெஜிஸ்டர், வருடாந்தரக் கொள்முதல் பட்டியல், மாவட்டக் கிடங்கின் விநியோகப் பதிவு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று பெரும்பாலும் பீரோவில் இருக்கும். மருந்தாளுநரிடம் நேரில் கேளுங்கள். எந்த ஆண்டுப் பேரேடு எங்கே இருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். அதுவும் இல்லையென்றால் ரிக்ரெஷனை விட்டுவிடுங்கள். இருக்கும் புள்ளிகளை வரைந்து, விதியின் தேதிகளையும் இருப்பு இல்லாத மாதங்களையும் அதிலேயே குறித்து, போக்கைக் கணிக்கப் போதிய முன்தரவு இல்லை என்ற ஒரு வரியோடு வெளியிடுங்கள். இன்றிலிருந்து ஒவ்வொரு மாத எண்ணையும் அதே அலகில், அதே வகுக்கும் எண்ணோடு சேமிக்கத் தொடங்கினால், அடுத்த விதி வரும்போது 24 புள்ளிகள் தயாராக இருக்கும்.